பெயர்த்து வைத்த வீடுகள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், வீட்டைப் பெயர்த்துப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் காலத்தில் அப்படி ஒரு தேவை வரவில்லை போலும். கட்டுவதைவிட அது சிரமமான காரியம். கூரையில் ஆரம்பித்து ஓடு ஓடாக இறக்கி அடுக்க வேண்டும். கைமரம், உத்தரம், தூண், நிலை, கதவு எல்லாவற்றுக்கும் எண் போட வேண்டும். எந்த உத்தரம் எந்தத் தூணின் தலையில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று படம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு லாரியில் ஏற்றிப் பல நூறு மைல் கொண்டுபோய் இறக்கி, பிரித்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் மறுபடியும் பூட்ட வேண்டும். பூட்டுகிற தச்சரும் அந்தச் சீமைக்காரராக இருந்தால்தான் நல்லது. ஒரு சீமையின் மரமூட்டு இன்னொரு சீமைக் கைக்கு அவ்வளவு சுலபத்தில் பிடிபடாது.

இந்தச் சிரமத்தை ஒரு தடவையல்ல, பல தடவை பட்டுத் தீர்த்திருக்கிறார்கள் முட்டுக்காட்டில். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் போனால் தட்சிணசித்ரா வருகிறது. 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்ற அறநிறுவனம், 1996 டிசம்பரில் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பத்து ஏக்கர் நிலம். அதில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நான்கு பக்கத்திலிருந்தும் வந்த 18 வீடுகள். இதற்கு மூலகாரணமாக இருந்தவர் டெபோரா தியாகராஜன் என்ற அமெரிக்கப் பெண்மணி; தமிழ்நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் கண்ணெதிரே இடிபட்டு, தூண் வேறு கதவு வேறாக விலைபோவதைக் கண்டு மனம் தாளாமல் இந்த வேலையில் இறங்கியவர் என்று சொல்வார்கள்.

அந்த வீடுகள் ஏன் இடிபட்டன என்பது தனிக் கதை. பர்மாத் தேக்கில் எழுந்த வீடுகள் அவை. பர்மாவில் லேவாதேவி நடந்த வரையில் பணமும் மரமும் கப்பலில் வந்துகொண்டே இருந்தன. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான். 1960-களில் அங்கே எல்லாம் அரசுடைமையாயிற்று. வருமானம் நின்றது, வீடு மட்டும் நின்றது. ஒரு வீட்டுக்கு இருபது பங்காளிகள். ஓடு மாற்ற எவர் பணம் போடுவது? கடைசியில் தூணை விற்றார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் இன்றும் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு தேக்குத் தூண் சுவரில் சாய்ந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கும் தூணைப் பார்க்க எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. தட்சிணசித்ராவில் தூணுக்கு மேல் அதனுடைய கூரையையே கொடுத்திருக்கிறார்கள். அதற்காகவே அவர்களை வாழ்த்தலாம்.

நான் அங்கே தனியாகப் போயிருந்தால் வாழ்த்தியதோடு திரும்பியிருப்பேன்; இந்தக் கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. என்னோடு தேவனூர் நாட்டுக் கவுண்டர் வந்திருந்தார்.

தேவனூர் நாடு என்றதும் ஏதோ ராஜ்யம் என்று நினைக்க வேண்டாம். நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலையின் மேல் பதினான்கு நாடுகள் உண்டு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று போகிற வரிசையில் தேவனூர் நாடும் ஒன்று. சில சிற்றூர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டைஊசி வளைவுகள் ஏறினால் மேலே குளிர்ந்த காற்றும், பலாவும், மிளகும், வாழையும், வள்ளல் ஓரி ஆண்ட மலை என்ற பெருமையும் நமக்காகக் காத்திருக்கும். எட்டு வருஷங்களுக்கு முன், முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த ஒரு நாவலை முடிப்பதற்காக அங்கே ஒன்றரை மாதம் தங்கினேன். தங்கினது கவுண்டர் வீட்டுத் திண்ணை அறையில். மண் சுவர், மூங்கில் கைமரம், மலைப்புல் வேய்ந்த கூரை. வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். குனிய மறந்த நாட்களின் கணக்கை என் நெற்றி வைத்திருந்தது.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஆனி மாதத்தில் பேரனைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகக் கவுண்டர் சென்னைக்கு வந்தார். என் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். இரண்டாம் நாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இங்க எங்கியோ பழைய வீட்டையெல்லாம் வாங்கி வெக்கிறாங்களாமே. பையன் செல்போன்ல காட்டினான். பாக்கணும்" என்றார்.

"வேடிக்கை பார்க்கவா, கவுண்டரே?"

"இல்லீங்க. நம்ம வீட்டைக் குடுக்கலாமான்னு."

நான் சிரிக்கவில்லை. விஷயம் இதுதான். 2024-இல் தமிழ்நாடு அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் மாநிலத்தில் குடிசையே இல்லாமல் செய்வது நோக்கம். 8 லட்சம் கான்கிரீட் வீடுகள். வீடு ஒன்றுக்கு 3,50,000 ரூபாய், 360 சதுர அடி. கவுண்டர் மகன் பேருக்கும் ஒரு வீடு வந்திருந்தது. மனை வேறு கிடையாது. பழைய வீட்டை எடுத்துவிட்டால்தான் புதியது எழும்பும். கவுண்டருடைய தகப்பனார் கட்டின வீடு அது.

அவருக்குப் புது வீட்டின் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லை. புல்கூரையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓர் ஐப்பசி மாதம் அதன் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். நான் படுத்திருக்கிறேன். இரவில் மழை வலுத்தால் கவுண்டரின் மருமகள் எழுந்து, எந்த எந்த இடத்தில் எந்த எந்தப் பாத்திரம் வைக்க வேண்டும் என்று விளக்கு இல்லாமலே கண்டுபிடித்து வைப்பாள். அந்தப் பெண்ணுக்குக் கான்கிரீட் கூரை வேண்டாம் என்று சொல்ல உலகத்தில் யாருக்கும் யோக்கியதை இல்லை.

ஆகவே போனோம்.

செட்டிநாட்டு வீட்டுக் கதவின் முன் கவுண்டர் வெகுநேரம் நின்றார். கதவின் வேலைப்பாட்டை அவர் பார்க்கவில்லை. குடுமியில் கதவு எப்படிச் சுழல்கிறது என்று முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். "காட்டு மரம் இத்தனை ஆவாது. கடல்ல வந்த மரமா?" என்று கேட்டார். பிறகு, "எத்தினி பேரு இருந்தாங்க?" என்றார். கல்யாணம், கார்த்திகை என்றால் நூறு பேருக்குமேல் கூடுவார்கள் என்றேன். "மத்த நாள்ல?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூர் அக்கிரகாரத்து வீடு அவரைக் கவரவில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர் என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "பக்கத்து வீட்டுக்காரன் இருமினா நமக்குத் தூக்கம் போயிருமே" என்றார்.

கேரளத்துப் பகுதிக்கு வந்தபோதுதான் முகம் மலர்ந்தது. கோட்டயத்துக்குப் பக்கத்திலுள்ள புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்து வீடு ஒன்று அங்கே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. முழுக்க மரம். தானியம் கொட்டி வைக்கும் அறையையும் வீட்டோடு வீடாகப் பலகையாலேயே அடைத்திருக்கிறார்கள். கவுண்டர் அந்தப் பலகையை விரலால் தட்டிப் பார்த்து, "இது வீடு தம்பி. மனுசனுக்கு முன்னால தானியத்துக்கு எடம் ஒதுக்கியிருக்கான்" என்றார். கேரளத்து மரவீடுகளில் ஒரு சௌகரியம் உண்டு. மரத்தோடு மரம் கடித்து நிற்பவை அவை. ஆணியை நம்பிக் கட்டியவை அல்ல. பிரித்துக்கொண்டுபோய் வேறு மனையில் பூட்டுவது அங்கே பழங்காலத்திலேயே உண்டு. மியூசியத்துக்கென்றே பிறந்த வீடு என்று சொல்லலாம்.

இங்கே ஒரு சிறு கூத்து நடந்தது. கேரளத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் கவுண்டர் பலகையைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டு, இவருக்கு வீட்டு வேலை தெரியும் போலிருக்கிறது என்று பேச்சுக் கொடுத்தது. எந்த ஊர் என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்கள். "நாங்க மலையாளிங்க" என்றார் கவுண்டர். அவ்வளவுதான், அந்த வீட்டுத் தலைவர் சந்தோஷம் தாங்காமல் மலையாளத்தில் பொழிய ஆரம்பித்துவிட்டார். கவுண்டர் பவ்வியமாகத் தலையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். கொல்லிமலையில் வாழ்பவர்களுக்கு மலையாளி என்றுதான் பெயர். சாதிச் சான்றிதழிலும் அப்படியே. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் அந்தக் குடும்பத்துக் குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழத் தொடங்கிவிட்டது.

ஆந்திரப் பகுதியில் வட்டமான மண்வீடு ஒன்று இருக்கிறது. விசாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர வீடு. புயலுக்கு மூலை கிடைக்காதபடி சுவரை வளைத்துக் கட்டி, கூரையை ஏறக்குறைய தரைவரைக்கும் இறக்கியிருக்கிறார்கள். காற்று வந்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கவுண்டர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். மற்ற வீடுகளில் அவர் செருப்பைக் கழற்றவில்லை. அறிவிப்பும் எங்கும் இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தார். அண்ணாந்து கூரையின் உட்புறத்தைப் பார்த்தார். கட்டு விழுந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"நல்லா வேஞ்சிருக்காங்க. கட்டு தெரிஞ்சவன் வேஞ்சிருக்கான். ஆனா பொகை இல்லியே தம்பி" என்றார்.

"எதற்குப் புகை?"

"பொகை இல்லாத கூரை எப்படித் தாங்கும்?"

அவர் சொன்ன பிறகுதான் தேவனூர் நாட்டு வீட்டின் உட்கூரை என் ஞாபகத்துக்கு வந்தது. கரி பூசினாற்போலப் பளபளவென்று கறுத்திருக்கும். அடுப்புக்கு மேலே மூங்கில் பரண். பரணிலிருந்து சோளக் கதிர்களும் அவரை நெற்றுக்களும் கட்டித் தொங்கும். சுரைக்குடுக்கைகளில் விதை இருக்கும். நாள் முழுவதும் விறகுப் புகை அவற்றைத் தடவிக்கொண்டே மேலே போய்ப் புல்லின் ஊடாக வெளியேறும். அந்தப் புகையினால் விதையில் பூச்சி விழுவதில்லை. மூங்கிலை உளு அரிப்பதில்லை. புல்லும் சீக்கிரத்தில் மக்குவதில்லை. அந்த வீட்டுக்குள் இருந்தவரையில் புகையை நான் கண்ணுக்குச் சத்துருவாகத்தான் நினைத்திருந்தேன். அது கூரைக்கு மருந்து.

"காஸ் அடுப்பு வந்து கொஞ்ச வருசமாச்சு. அது வந்ததிலேருந்துதான் நம்ம கூரை மக்க ஆரம்பிச்சுது" என்றார் கவுண்டர். சொல்லிவிட்டு, யாரையோ குறை சொன்னதுபோல ஆகிவிடக்கூடாது என்று அவசரமாக, "மருமகளுக்கு இருமல் நின்னுபோச்சு. அதையும் சொல்லணுமில்ல" என்றார்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். எதிரே குயவர் சக்கரத்தைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்துக்கு முதலில் வரைபடம் போட்டுக் கொடுத்தவர் லாரி பேக்கர் என்றும், அவர் இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவிலேயே தங்கிவிட்டவர் என்றும், இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல வருஷங்கள் வாழ்ந்து, அங்கே மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் கொண்டு வீடு கட்டுவதைப் பார்த்துத் தம் தொழிலையே மாற்றிக்கொண்டவர் என்றும் சொன்னேன். அவருடைய சிஷ்யர் பென்னி குரியாகோஸ் அந்த வேலையைத் தொடர்ந்தார். கவுண்டர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, "மலைக்காரங்ககிட்டப் படிச்சாரா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டு வைத்துக்கொண்டார்.

பிறகு நான் எதிர்பார்த்திருந்த கேள்வியைக் கேட்டார்: "நம்ம வீட்டை இப்படி எண் போட்டுப் பிரிக்க முடியுமா?"

அந்தக் கேள்விக்கு அவரே பதில் சொல்லவும் ஆரம்பித்தார். வீடு கட்டுகிற விதத்தை அன்றைக்குத்தான் முழுக்கக் கேட்டேன். ஒன்றரை மாதம் உள்ளேயே இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. செம்மண்ணை வெட்டிப் போட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, வைக்கோலைத் தூவிக் காலால் மிதிக்க வேண்டும். மிதிப்பதற்கு ஊரே வரும். பதமாக மிதித்த மண்ணை உருண்டை உருண்டையாகக் கைமாற்றிச் சுவர் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முழ உயரத்துக்கு மேல் வைத்தால் உட்கார்ந்துவிடும். காய்ந்த பிறகுதான் அடுத்த முழம். தை, மாசியில் புல் அறுத்துக் காயவைத்து, அடியிலிருந்து மேலாக வரிசை வரிசையாக நார் போட்டுக் கட்டிக்கொண்டு போக வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துப் புதிதாக வேய வேண்டும். பொங்கலுக்குப் பொங்கல் சுவர் பூச வேண்டும். கூரைப் புல் இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை மாறிவிட்டது! மூங்கிலும் இரண்டு தடவை மாறிவிட்டது. சுவரின் மேல்பூச்சு வருஷா வருஷம் புதியது. தகப்பனார் வைத்ததென்று சொல்ல அதில் என்ன மிச்சம்? நிலையும் கதவும் அடிச்சுவரும்தான்.

"இங்க கொண்டாந்தா மண்ணுதான் வரும். இதே மண்ணு இங்கியும் இருக்கு" என்றார் கவுண்டர். விற்க வந்தவர் சரக்கின் குறையைத் தாமே சொல்கிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வீடுகளின் மியூசியம் என்ற எண்ணத்துக்கே வயது 130-க்கு மேல் ஆகிறது. ஸ்வீடன் தேசத்தில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஆர்தர் ஹாசேலியஸ் என்பவர் 1891-இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி மியூசியத்தைத் தொடங்கினார். ரயிலும் தொழிற்சாலையும் வந்து பழைய கிராமங்கள் மறைவதைக் கண்டு, தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் குடியானவர் வீடுகளைப் பெயர்த்து வந்து ஒரு குன்றின்மேல் வைத்தார். உலகத்தில் இன்று இருக்கிற இவ்வகை மியூசியங்களுக்கெல்லாம் அது தாய்வீடு. ஸ்வீடனில் குடியானவன் வீடும் மரக்கட்டையில் கட்டியது. ஆகவே அவன் வீடும் வண்டி ஏறியது. நம் நாட்டில் மரம் பணக்காரன் வீட்டில்தான் அதிகம். மண்ணும் புல்லுமாக இருக்கிற வீட்டை வண்டியில் ஏற்ற முடியாது. அந்த ஊர் ஆட்களை வரவழைத்து அந்த ஊர் முறையில் புதிதாக எழுப்பலாம். முட்டுக்காட்டு மண்வீடுகளைப் போல வருஷா வருஷம் கவனிக்கவும் செய்யலாம். ஆனால் அதற்கு ஆள் வேண்டும். தேக்குத் தூணுக்கு இருநூறு வருஷம் யாரும் வேண்டாம், பூட்டிவிட்டுப் போகலாம். புல்கூரைக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கட்டுத் தெரிந்த கை வேண்டும். பழம்பொருள் என்று நாம் சொல்வதெல்லாம் ஆளில்லாமல் இருக்கத் தெரிந்த பொருள்கள்தாமோ என்று அந்த வேப்பமரத்தடியில் எனக்குத் தோன்றிற்று.

திரும்பி வருகையில் பஸ்ஸில் கவுண்டரிடம் ஜப்பான் தேசத்து இஸே ஆலயத்தைப் பற்றிச் சொன்னேன். புல் வேய்ந்த மரக்கோயில். இருபது வருஷத்துக்கு ஒரு முறை, பக்கத்தில் காலியாக விட்டிருக்கும் மனையில் அச்சு அசலாக அதேபோல் புதுக்கோயில் கட்டிச் சுவாமியை அங்கே எழுந்தருளப் பண்ணுகிறார்கள், பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 1,300 வருஷமாக, நடுவில் யுத்தங்களால் தடைப்பட்ட காலம் போக, இப்படியே நடந்து வருகிறது. 2013-இல் நடந்தது 62-ஆவது தடவை. அங்கே எந்தக் கட்டையும் பழையது அல்ல, கோயில் பழையது.

கவுண்டர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "இருவது வருசமா? அத்தினி வருசத்துல கை மறந்திராதா?" என்றார். பிறகு தாமே, "இல்லை, சரிதான். சின்னப் பையனா இருக்கச்சே எடுத்துக் குடுப்பான். வயசுல கட்டுவான். கெழவனானப்புறம் உக்காந்து சொல்லிக் குடுப்பான். மூணு தரம் வருது ஒரு ஆளுக்கு" என்றார். இஸேயைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இருபது வருஷத்துக்குக் காரணம் கேட்டு விதவிதமான விளக்கங்கள் இருந்தன. இவருக்கு அடையாறு தாண்டுவதற்குள் அது விளங்கிவிட்டது.

பஸ்ஸிலேயே இன்னொரு விஷயமும் சொன்னார். மலைக்குச் சின்ன லாரியில் ஒரு வியாபாரி வருவதுண்டாம். திருகைக்கல், உரல், பழைய நிலை, பித்தளைப் படி இவற்றுக்கு விலை வைப்பானாம். கவுண்டர் வீட்டு உரலுக்கு 400 ரூபாய் சொன்னானாம். பட்டணத்து ஓட்டல் வாசலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவதற்காம். கவுண்டரின் வீட்டுக்காரம்மாள் கொடுக்கவில்லை. உரலில் அவர்களுக்கும் இப்போது வேலையில்லை. சாமையும் தினையும் விளைந்த மேட்டுக்காடுகளில் சேலத்துச் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி ஏறி எத்தனையோ வருஷம் ஆயிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து அந்த மலையில் விதை வங்கி, அரவை இயந்திரம் என்று ஏற்பாடு செய்து சிறுதானியங்களை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். இயந்திரம் வந்த பிறகு உரலில் குத்துகிற பெண் யார்? குத்தாமல் இருப்பதில்தான் அவர்களுக்கு நிம்மதி. ஆனாலும் உரலைக் கொடுக்க அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை. காரணம் கேட்டதற்கு, "வெச்சிருந்தா என்னத்தைத் திங்குது?" என்றாளாம். விதை விஷயத்திலும் அந்த மலைக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: ஜாடியில் வைத்திருப்பது விதை அல்ல, வருஷா வருஷம் போட்டு எடுப்பதுதான் விதை.

சென்ற ஐப்பசியில் தேவனூர் நாட்டுக்குப் போயிருந்தேன். புது வீடு எழும்பியிருந்தது. நீலச் சுண்ணாம்பு அடித்த சதுர வீடு. பழைய வீட்டின் நிலையையும் கதவையும் புது வீட்டின் வாசலிலேயே வைத்திருந்தார்கள். அளவுக்குச் சரியாக இல்லாததால் மேலே ஒரு முழம் செங்கல் வைத்து அடைத்திருந்தது. ஆகவே இன்னும் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கிறது, நான் குனிந்தேன். பழைய சுவர் மண்ணை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவரைப் பந்தலுக்கு அடியில் கொட்டியாயிற்று, பழஞ்சுவர் மண்ணுக்கு மிஞ்சின உரம் கிடையாது என்றார். காய்த்திருந்ததைப் பார்த்தால் பொய் என்று சொல்வதற்கில்லை.

வீட்டுக்குப் பின்னால் புல்கூரை போட்ட ஒரு சிறு கொட்டகை நின்றது. இது எதற்கு என்று கேட்டேன். மருமகள்தான் கேட்டாளாம். காஸ் அடுப்பில் கேழ்வரகுக் களி கிண்டினால் பானை நிற்கமாட்டேன் என்கிறது. தவிரவும் அவரை விதையைக் கான்கிரீட் வீட்டுக்குள் வைத்ததில் இரண்டே மாதத்தில் வண்டு விழுந்துவிட்டது. ஆகவே, விறகடுப்புக்கு வீட்டுக்கு வெளியே ஓர் இடம், அதற்கு மேலே ஒரு பரண். நாலு பக்கமும் திறப்பு. புகை யார் மூக்கையும் தேடி வராது. பழைய மூங்கிலில் நல்லதைப் பொறுக்கிப் பேரன் சித்திரை விடுமுறையில் வந்தபோது கட்டினார்கள். ஊரில் வேயத் தெரிந்தவர்கள் இப்போது மூன்றே பேர். மூவருக்கும் அறுபதுக்கு மேல். பையன் முதல் நாள் செல்போனை வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தானாம். கவுண்டர் அதை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு நாரைக் கையில் கொடுத்தாராம். மூன்று பக்கம் பெரியவர்கள் வேய்ந்தார்கள். வடகிழக்கு மூலையை அவன் வேய்ந்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் ஓடி நின்றோம். அடுப்பில் களிப்பானை இருந்தது. மேலே கதிர்கள் தொங்கின. கூரை இப்போதுதான் இலேசாகக் கறுக்கத் தொடங்கியிருந்தது. மூன்று பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. வடகிழக்கு மூலையில் மட்டும் நூல் பிடித்தாற்போல ஒழுகிக்கொண்டிருந்தது. மருமகள் வந்து பழக்கத்தினால் ஒரு குண்டானை அங்கே வைத்தாள்.

"பிரித்துச் சரியாகக் கட்டிவிடலாமே, கவுண்டரே" என்றேன்.

"எனக்குக் கட்டத் தெரியாமலா? ஒழுகட்டும். பையன் வருசம் முடிஞ்சு வரட்டும். அவனே பிரிச்சுக் கட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, கவுண்டர் குண்டானைக் காலால் சற்று நகர்த்திச் சொட்டுக்கு நேராக வைத்தார்.